சிகிச்சை முடிந்து பத்தாண்டு கழித்து எங்களைத் தேடி வாருங்கள்

தாடை மூட்டு ஆய்வாளர்களுக்கும், அந்த ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மேசைக்கு வரும் அடுத்த ஆய்வுத் திட்டத்தில் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். இதில் சேர்க்கப்படும் நோயாளி ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார், பத்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? அதற்கென்று ஆள் இருக்கிறாரா, பணம் இருக்கிறதா? தாடை மூட்டு மருத்துவத்தில் இதுவரை நடந்த பெரிய தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் நேர்ந்தவை, அல்லது அதனால் நீண்டுபோனவை என்பது என் உறுதியான எண்ணம்.

நான் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகளாகத் தாடை மூட்டு வலியோடு வாழ்பவள். என் வலியைப் புரிந்துகொள்வதற்காக உங்கள் துறையில் வந்த கட்டுரைகளையும் அறிக்கைகளையும் என்னால் முடிந்த அளவு தேடிப் படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க மரியாதையும் கூடியது, வருத்தமும் கூடியது.

இந்த மடலை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக அந்த மூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் உள்ளே ஒரு குமிழ் அசைவது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி அது. மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வளைந்துகொடுக்கும் ஒரு தட்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது அந்தக் குமிழ் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. மேலும் திறக்கும்போது தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னோக்கிச் சரிகிறது. சுழற்சியும் சரிவும் ஒரே மூட்டில். அது மட்டுமில்லை, இடப்பக்க மூட்டும் வலப்பக்க மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒன்று தடுமாறினால் மற்றது தன் போக்கில் இயங்க முடியாது. பேசுவது, மெல்லுவது, விழுங்குவது, கொட்டாவி விடுவது எல்லாவற்றுக்கும் இது வேண்டும். கால் மூட்டு வலித்தால் சில நாள் நடக்காமல் படுத்திருக்கலாம். தாடைக்கு அப்படி விடுப்புக் கொடுக்க வழியில்லை.

இந்த மூட்டைச் சார்ந்த கோளாறுகள் ஒரே நோய் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மெல்லும் தசைகளின் வலி, தட்டு இடம் மாறுவது, மூட்டுத் தேய்மானம், சிறுவர்களுக்கு வரும் மூட்டழற்சி, அடிபட்டபின் மூட்டு எலும்பாகவே ஒட்டிப்போவது என்று பல நிலைகள் ஒரே பெயரின்கீழ் கிடக்கின்றன. அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, அந்த நாட்டுப் பெரியவர்களில் சுமார் 4.8 விழுக்காட்டினருக்கு இந்தப் பகுதியில் வலி இருக்கிறது என்கிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள். இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒரு தொல்லை பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் நடுவே விழுந்து கிடப்பதை அந்த அறிக்கையே வெளிப்படையாகச் சொல்கிறது. காது மருத்துவர் பல் மருத்துவரிடம் அனுப்ப, அவர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப, அவர் திரும்பவும் காது மருத்துவரிடம் அனுப்பும் சுற்றை நானும் சுற்றியிருக்கிறேன்.

அந்தச் சுற்றில் எனக்கு முதலில் இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ள ஸ்ப்ளின்ட் என்ற உறை ஒன்றைச் செய்துகொடுத்தார்கள். பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவது சரியில்லை, கொஞ்சம் இழைத்துச் சீராக்கலாம் என்றார் ஒருவர். மூட்டுக்குள் ஊசி செலுத்திக் கழுவலாம் என்றார் இன்னொருவர். எல்லாரும் என்மேல் அக்கறை கொண்டவர்கள்தான். ஆனால் இவர்களில் ஒருவர்கூட ஓராண்டு கழித்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டதில்லை. நான் திரும்பிப் போகவில்லை. திரும்பி வராதவர் குணமாகிவிட்டார் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வலி தீராமல், நம்பிக்கை போய், வேறு மருத்துவரிடம் போனவரும் அதே கணக்கில்தான் சேருகிறார். ஒரு சிகிச்சை பலிக்கிறது என்ற நம்பிக்கை மருத்துவர் மனத்தில் உருவாவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இந்தத் துறையின் தொடக்கமே அப்படித்தான் இருந்தது. 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்பற்கள் இல்லாததால் தாடை அதிகமாக மூடிக்கொண்டு, மூட்டு பின்னால் அழுந்தி, காதடைப்பு, காதிரைச்சல், தலைவலி எல்லாம் வருகின்றன என்பது அவருடைய விளக்கம். பற்களின் உயரத்தைக் கூட்டினால் சரியாகும் என்றார். பதினான்கு ஆண்டு கழித்து உடற்கூற்றியல் அறிஞர் ஹாரி சிச்சர் அந்த விளக்கத்துக்கு உடற்கூறு இடம்கொடுக்கவில்லை என்று காட்டினார். ஆனால் அதற்குள் "எல்லாம் பற்கள் பொருந்தாததால் வருவது" என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தின் பெயரால் பல தலைமுறை நோயாளிகளின் நல்ல பற்கள் இழைக்கப்பட்டன, உறை போடப்பட்டன, பிடுங்கவும் பட்டன. இழைத்த பல் திரும்ப வளராது.

1976-இல் சிகாகோவில் வாய், தாடை அறுவை மருத்துவர் லாஸ்கினும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சின்ன ஆய்வு என் மனத்தை விட்டு அகலுவதே இல்லை. தாடை வலி உள்ள 25 பேருக்குப் பற்களை இழைப்பதுபோலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஒரு துளிப் பல்லும் குறையவில்லை. அவர்களில் 64 விழுக்காட்டினர், அதாவது 16 பேர், வலி முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ போய்விட்டதாகச் சொன்னார்கள். இதைக் காட்டி நோயாளிகளின் வலி கற்பனை என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. இந்த வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமாக இருக்கும் நாளில்தான் ஒருவர் மருத்துவரைத் தேடிப் போகிறார். பிறகு அது தணிவது இயல்பு. கூடவே, ஒருவர் கவனித்துப் பார்க்கிறார், ஏதோ செய்கிறார் என்ற ஆறுதலும் வலியைக் குறைக்கும். அப்படியானால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமல் செய்த ஆய்வுகளையும், சில வாரங்களில் முடிந்துபோன ஆய்வுகளையும் எந்த அளவுக்கு நம்புவது? 1976-லேயே இந்த எச்சரிக்கை அச்சில் வந்துவிட்டது. அதன்பிறகும் அதே வகையான ஆய்வுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

அடுத்து நான் எழுதப்போவது உங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதன் முக்கியமான பகுதி தாடை மூட்டில் தொடங்கவில்லை, இடுப்பு மூட்டில் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1950-களின் கடைசியில் செயற்கை இடுப்பு மூட்டுக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். வழுவழுப்பானது, உடலோடு ஒத்துப்போகும் என்று அன்று நம்பப்பட்ட பொருள். ஏறக்குறைய 300 மூட்டுகள் பொருத்தினார். முதலில் எல்லாம் அருமையாக இருந்தன. ஆனால் அவர் தம் நோயாளிகளை விட்டுவிடவில்லை. திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து துகளாவதையும், அந்தத் துகள்களை எதிர்த்து உடல் கிளர்ந்தெழுந்து எலும்பை அரிப்பதையும் கண்டார். அந்தத் துகளைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். பிறகு அந்தப் பொருளையே கைவிட்டு, 1962-இல் வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறினார். தாம் கண்டதை மறைக்காமல் மருத்துவ இதழில் எழுதினார்.

இருபது ஆண்டு கழிந்தது. 1983-இல் அமெரிக்காவில் வைடெக் என்ற நிறுவனத்தின் தாடை மூட்டுத் தட்டு விற்பனைக்கு அனுமதி பெற்றது. புரோப்பிளாஸ்ட் என்ற பொருளும் டெஃப்லானும் சேர்ந்தது. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பொருளுக்கு நிகரானது என்று காட்டினால் போதும் என்ற விதியின்கீழ் கிடைத்த அனுமதி அது. மனிதர்களிடம் நீண்டகாலம் சோதித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. தாடை ஒவ்வொரு கவளத்தையும் அழுத்தி அரைக்கும் மூட்டு. இடுப்பில் தேய்ந்த பொருள் இங்கே தேயாமல் இருக்குமா? தேய்ந்தது. துகளானது. உடல் அந்தத் துகள்களோடு போராடியதில் தாடை எலும்பின் நுனி கரைந்தது, மண்டையோட்டின் குழி மெலிந்தது, சிலருக்கு மூளைப் பக்கம்வரை துளை விழுந்தது. வைடெக் 1990-இல் திவாலானது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. 1991-இல் அந்தத் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1992-இல் இது பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது.

இதில் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டெஃப்லான் மூட்டுக்கு ஆகாது என்ற செய்தி 1960-களின் தொடக்கத்திலேயே அச்சில் இருந்தது. இடுப்பைப் பார்க்கிறவர் எழுதியதைத் தாடையைப் பார்க்கிறவர் படிக்கவில்லை, அல்லது படித்தும் பொருட்படுத்தவில்லை. சார்ன்லி சில ஆண்டுகளில் கண்டுபிடித்ததற்குக் காரணம் அவருடைய மேதைமை மட்டும் இல்லை. போன நோயாளியைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. வைடெக் தட்டு வைத்துக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடே இல்லை. யாருக்கு வைத்தோம் என்ற முழுப் பட்டியல்கூட இல்லாததால், எச்சரிக்கை வந்தபிறகும் உரியவர்களை அது போய்ச் சேருவது பெரும்பாடானது. கடைசியில் நோயாளிகளே ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1986-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டெர்ரி கவுலி முதலான நோயாளிகள் தொடங்கிய சங்கம் அந்த வேலையைச் செய்தது. உடல் வலியோடு, திறக்க முடியாத வாயோடு, அவர்கள் கடிதம் எழுதியும் தொலைபேசியில் பேசியும் திரட்டியவை, முறையான ஆய்வு திரட்டியிருக்க வேண்டிய செய்திகள்.

இடுப்பு மூட்டுக்கு சுவீடன் 1979-இலேயே நாடு தழுவிய பதிவேடு தொடங்கிவிட்டது. முழங்காலுக்கு அதற்கும் முன்பே. பிற்காலத்தில் ஓர் உலோக இடுப்பு மூட்டு அளவுக்கு மீறிப் பழுதாகிறது என்று ஆஸ்திரேலியப் பதிவேடு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. எந்த நிறுவனத்தின் மூட்டு, யாருக்கு, எந்த ஆண்டு, எப்போது மாற்றப்பட்டது என்ற நாலே விவரம் இத்தனை பேரைக் காக்கிறது. தாடைக்கு இதைச் செய்ய என்ன தடை? எண்ணிக்கை குறைவு என்று சொல்வீர்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான் ஒரு மருத்துவமனையோ ஒரு நாடோ தனியாகப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. பல நாடுகள் சேர்ந்து ஒரே பதிவேடாக வைத்தால்தான் தெரியும்.

வைடெக் நிகழ்வுக்குப் பிறகு விதிகள் இறுகின என்பதை மறுக்கவில்லை. இன்று நோயாளியின் எலும்பின் அளவுக்கே வடிவமைத்துச் செய்யப்படும் செயற்கைத் தாடை மூட்டுகள் வந்துவிட்டன. அவற்றால் வாய் திறக்க முடிந்தவர்கள், உண்ண முடிந்தவர்கள் பலர். ஆனாலும் 2011-இல் அதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூட்டு எவ்வளவு காலம் உழைக்கிறது, ஏன் திரும்ப எடுக்க வேண்டி வருகிறது என்று ஆராயும்படி மூன்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து. அந்த வகை மூட்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டவர்களை இருபது ஆண்டு கழித்துத் தேடிச் சென்ற ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதை நான் நன்றியோடு படித்தேன். பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். முன்பே பல அறுவைகளுக்கு உட்பட்டு வந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மீதிப் பாதிப்பேர் எப்படி இருக்கிறார்கள்? முதல் நாளிலிருந்தே தொடர்பு வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு விடை இருந்திருக்கும்.

நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் சிலவே. ஆனால் அந்தச் சில ஆய்வுகள் சொல்லியவை எவ்வளவு பெரியவை என்று பாருங்கள். நெதர்லாந்தின் கிரோனிங்கனில், மூட்டுத் தட்டு இடம் மாறியவர்களையும் மூட்டுத் தேய்மானம் கொண்டவர்களையும், அறுவை இல்லாமல் சிகிச்சை பெற்று 30 ஆண்டு ஆனபின் வரவழைத்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 1994-இல் வெளிவந்தன. மூட்டின் படத்தில் மாற்றங்கள் நிறைய இருந்தன. ஆனால் பெரும்பாலோருக்கு வலி அடங்கி, தாடை போதுமான அளவு இயங்கியது. படத்தில் தெரியும் கோளாறு வேறு, ஆள் படும் துன்பம் வேறு. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு இடம் மாறியிருப்பதைக் காணலாம். தாடையில் 'டக்' என்று சத்தம் கேட்டுப் பயந்து ஓடிவரும் ஒருவருக்கு, வலி இல்லையென்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று இன்று மருத்துவர் துணிந்து சொல்ல முடிவது இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான்.

வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்ட 106 பேரை வைத்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செய்த ஆய்வு 2007-இல் வந்தது. அறிவுரையும் மருந்தும், பல துறையினர் சேர்ந்து தரும் மறுவாழ்வுப் பயிற்சி, நுண்துளை அறுவை, திறந்த அறுவை என நாலு வழிகளில் யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். நாலு குழுக்களும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. கத்தி வைக்காத வழியும் கத்தி வைத்த வழியும் ஒரே இடத்துக்கே கொண்டுபோகின்றன என்றால், முதலில் எந்த வழியில் போக வேண்டும் என்பது விளங்குகிறது. மூன்று மாதத்தோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவு உறுதியாக இதைச் சொல்லியிருக்க முடியுமா?

ஒப்பேரா என்ற பெயரில் 2006-ஐ ஒட்டி அமெரிக்காவின் நாலு இடங்களில் தொடங்கிய ஆய்வு இன்னொரு விதத்தில் பெரியது. அது நோயாளிகளை ஆராய்வதோடு நின்றுவிடவில்லை. தாடை வலி இல்லாத 3,263 பேரைச் சேர்த்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் அனுப்பி, யாருக்கு எப்போது வலி வருகிறது என்று காத்திருந்து பார்த்தது. ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்குப் புதிதாக வந்தது. உடலில் வேறு இடங்களிலும் வலி உள்ளவர்கள், பலவகையான உடல் உபாதைகளைச் சொல்பவர்கள், தூக்கம் கெட்டுக்கொண்டே வருபவர்கள், தாடையில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தூக்கம் கெடுவது வலி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை வலி வந்தபின் விசாரித்தால் எப்படித் தெரிந்துகொள்வது? பற்கள் பொருந்தும் விதத்தையே நோயின் வேராக எண்ணிய நீண்ட காலத்துக்கு, பொறுமையாகக் காத்திருந்து பார்த்த ஓர் ஆய்வு சொன்ன பதில் இது. அதை நடத்தியவர்களுக்கும், பணம் கொடுத்தவர்களுக்கும் நோயாளிகள் சார்பில் என் வணக்கம்.

2023 இறுதியில் பி.எம்.ஜே. என்ற பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி நீடித்த தாடை வலிக்கு எதை உறுதியாகப் பரிந்துரைத்தது? அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றி வலியைச் சமாளிக்கப் பழக்குவது), பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, உட்காரும், நிற்கும் நிலையைச் சீராக்கும் பயிற்சி, கைமுறைச் சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் தசை நீட்டலும். மாற்ற முடியாத விளைவுகளைத் தரும் ஸ்ப்ளின்ட் வேண்டாம், மூட்டுத் தட்டை அறுத்தெடுப்பது வேண்டாம் என்று அதே உறுதியோடு சொன்னது. கழற்றி மாட்டக்கூடிய சாதாரண ஸ்ப்ளின்ட், மூட்டைக் கழுவுதல், போட்டாக்ஸ் ஊசி ஆகியவற்றையும் ஆதரிக்கவில்லை, ஆனால் அந்தத் தீர்ப்பை உறுதி குறைந்த சொற்களில்தான் சொன்னது. ஏன் குறைந்த உறுதி? இவற்றில் பலவற்றுக்கும் ஆய்வுகள் இருந்தும் அவை சிறியவை, குறுகியவை.

போட்டாக்ஸ் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், அடுத்த பெரிய தவறு இங்கே நடந்துகொண்டிருக்குமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. மெல்லும் தசை வலிக்கும், பல் நறநறப்புக்கும் அந்த ஊசி பரவலாகப் போடப்படுகிறது. தசையை அது தளர்த்துகிறது. ஆனால் எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருள். முயலுக்கும் எலிக்கும் மெல்லும் தசையில் அந்த ஊசியைப் போட்டுப் பார்த்தபோது தாடை நுனியின் எலும்பு மெலிந்தது. மனிதரில் பலமுறை போட்டுக்கொள்பவர்களுக்கு என்ன ஆகிறது? ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வீதம் பத்தாண்டு போட்டுக்கொண்ட பெண்ணின் தாடை எலும்பு எப்படி இருக்கிறது? இந்த நோய் அதிகமாகப் பெண்களுக்கு வருகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிவதும் பெண்களுக்குத்தான். இவ்விரண்டும் சேரும்போது என்ன நடக்கும் என்று அறிய வேண்டுமானால், இன்று ஊசி போட்டுக்கொள்பவர்களை இன்றே பதிவுசெய்ய வேண்டும். இருபது ஆண்டு கழித்துத் தேடினால் மறுபடி பாதிப்பேர்தான் கிடைப்பார்கள்.

புதிய ஆய்வுகளைத் தடுக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். தாடை நுனியின் மேலடுக்கில் குருத்தெலும்பை உருவாக்கும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன என்று 2016-இல் காட்டியபோது நான் மகிழ்ந்தேன். விலா எலும்பின் குருத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்த்த திசுவைச் சிறுவகைப் பன்றிகளின் மூட்டுத் தட்டில் பொருத்திக் காட்டிய 2018-ஆம் ஆண்டு ஆய்வையும் ஆசையோடு படித்தேன். இவை ஒருநாள் மனிதருக்கு வரட்டும். வரும்போது முதல் நோயாளியின் பெயரோடு ஒரு பதிவேடும் திறக்கப்படட்டும். புதிய பொருள், நல்ல தொடக்க முடிவுகள், அவசரமாகக் காத்திருக்கும் நோயாளிகள்: 1983-இலும் நிலைமை இதுவேதான்.

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். மூட்டுக்குள் ஊசியோ கத்தியோ போகும் எந்தச் சிகிச்சையை ஆராய நிதி கொடுத்தாலும், ஐந்தாண்டு பின்தொடர்வதற்கான செலவையும் அதே நிதியில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். உடலுக்குள் ஒரு பொருள் நிரந்தரமாகத் தங்குமானால் பத்தாண்டு. மூன்றாண்டில் முடியும் நல்கைகளைக் கொண்டு முப்பதாண்டு வாழும் நோயை ஆராய முடியாது. இளம் ஆய்வாளருக்குப் பதவி உயர்வு வேண்டும், அதற்குக் கட்டுரை சீக்கிரம் வெளிவர வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. அந்த நெருக்கடியைத் தளர்த்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது. பின்தொடரும் வேலையையும் முழு ஆய்வாக மதியுங்கள். அதைச் செய்பவரின் பெயரும் கட்டுரையில் முன்னே வரட்டும்.

பாதியில் நின்றுபோனவர்களைப் பற்றி எழுதுங்கள். நூறு பேரில் முப்பது பேர் வரவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த முப்பது பேருக்குத்தான் சிகிச்சை பலிக்காமல் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். தூரம், கூலி இழப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை என்று காரணம் ஏதும் இருக்கலாம். வலி கூடியதும் காரணமாக இருக்கலாம். கேட்காமல் தெரியாது.

நோயை இனங்காண 1992-இல் வந்த ஆய்வு விதிமுறையும், அதைச் செப்பமாக்கி 2014-இல் வந்ததும் உங்களிடம் இருக்கின்றன. அவை மூட்டையும் தசையையும் மட்டும் பார்க்காமல், வலி ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்பதையும் கேட்கச் சொல்கின்றன. அந்த இரண்டாம் பகுதியைப் பல ஆய்வுகள் விட்டுவிடுகின்றன. பூச்சியம் முதல் பத்துவரை ஒரு கோட்டில் வலியைக் குறிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு நாளுக்கு நாள் அந்த எண் மாறும். மாறாதவை வேறு. கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தயங்குவது, அரைமணிக்குமேல் பேசினால் தாடை கனப்பது, பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து வைத்திருக்கப் பயந்து சொத்தைப்பல்லைத் தள்ளிப்போடுவது, கொட்டாவி வரும்போது கையால் தாடையைத் தாங்கிப் பிடிப்பது. வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளக்கும் அதே கவனத்தோடு இவற்றையும் கேளுங்கள்.

எதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் எங்களில் சிலரை உட்கார வையுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது மட்டும் எங்களை நினைப்பது போதாது. வைடெக் தட்டின் தீங்கை முதலில் உரக்கச் சொன்னவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சிறுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு வயது மூட்டழற்சியில் தாடை மூட்டு வலியே இல்லாமல் பாதிக்கப்படலாம். வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. முகம் வளரும்போதுதான் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பது தெரிகிறது. இவர்களைப் பெரியவர்களாகும்வரை பின்தொடரும் ஆய்வுகளுக்குத் தயங்காமல் நிதி கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காலம் அதிகம் இல்லை. 1980-களில் அந்த டெஃப்லான் தட்டுகளை வைத்துக்கொண்டவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். சிலர் தட்டை எடுத்தபின் அறுவைக்குமேல் அறுவை செய்துகொண்டு வாழ்கிறார்கள். சிலர் எடுக்காமலேயே இருக்கக்கூடும். துகள்கள் உடலில் நாற்பதாண்டு தங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. மருத்துவமனைகள் பழைய பதிவுகளை ஒவ்வோர் ஆண்டும் கழித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் அடுத்த நிதியாண்டில் ஒரு சிறு குழுவை அமர்த்தி, நோயாளர் சங்கங்களின் துணையோடு அவர்களைத் தேடத் தொடங்குங்கள். கேள்வித்தாளைத் தயாரிக்கவும், அழைத்துப் பேசவும், எழுதிவைக்கவும் என்னைப் போன்றவர்கள் ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நீண்டகாலத் தாடை மூட்டு நோயாளி ஒருத்தி